பதின்மூன்று சாவிகள்

தந்தையார் விட்டுச்சென்ற கிளாரினெட்டைக் கொடுத்துவிட்டுப் புதியதொன்று வாங்குவதென்றே முடிவு செய்திருந்தோம். இராயபுரத்துத் தெருக்களில் கல்யாணத்துக்கும், மாதா தேர்பவனிக்கும், சாவுக்கும் ஒரேபோல் முழங்கிய பேண்டு வாத்தியம் அது. துறைமுகத்து உப்புக்காற்று அதன் வில்கம்பிகளை அரித்திருந்தது. மேல்பாகத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல். கீழ்ஸ்தாயியில் சுரத்துக்கு முன்னால் வெறுங்காற்றே வந்தது.

கடையில் எடுத்து ஊதிப் பார்த்தது போஹம் முறைக் கருவி: 17 சாவிகள், 6 வளையங்கள். குளோசேயும் புஃபேயும் 1844இல் பாரிசில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. மேலைச் சங்கீதத்தின் விரைந்த ஓட்டங்களுக்கு அதைவிட வசதியானது வேறில்லை. ஒவ்வொரு சுரமும் பிசிறின்றி நின்றது. பிறகு சாவேரியைத் தொட்டோம். திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் செய்த ஐந்து கீர்த்தனைகளுள் ஒன்று அந்த இராகத்தில் உண்டு. மொட்டைமாடியில் தந்தையார் அதைத்தான் அடிக்கடி வாசிப்பார். அந்த ரிஷபம் அசைய வேண்டும். அசைக்க விரலைச் சாய்த்தால் வளையம் எழும்பியது. எங்கோ ஒரு மூடி திறந்தது. சுரம் வழுக்காமல் தாவியது.

பழையதில் 13 சாவிகளே. மேல்பாகத்தில் வளையங்கள் இல்லை, வெறுந்துளைகள். விரல் பாதி மூடலாம், கால் மூடலாம், இழுக்கலாம். நாகசுரப் பாணியைக் கிளாரினெட்டில் நிலைநிறுத்தி, 2022இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்த இழுப்பின் அருமை தெரியும்.

தமிழ் முதுகலை படித்த நாளில், சாவு ஊர்வலமொன்றின் முன்னே சீருடையில் ஊதிவந்த தந்தையாரைக் கண்டு வேறு தெருவில் திரும்பினோம். அவர் பார்த்தாரா என்று கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கமகத்தைப் பற்றி வகுப்பறையில் பேசியிருக்கிறோம். அது வீட்டு மாடியிலேயே ஒலித்ததைக் காதில் வாங்கவில்லை.

வாங்காமல் திரும்பினோம். பழைய கருவிக்குப் புதுப் பேடுகளும் வில்கம்பிகளும் போட்டு, விரிசலை அடைத்துக் கொடுத்தார் பழுது பார்ப்பவர். இப்போது காற்று கசிவதில்லை. ஆனாலும் ரிஷபம் இன்னும் சரியாக அசையவில்லை. இனிக் கருவியைக் குறை சொல்ல வழியில்லை.