யார் பாடப் போவது?

எங்கள் வடமதுரைப் பக்கத்தில், மழை வருமா வராதா என்பதில் இருவருக்கு இரண்டு அபிப்பிராயம் இருந்தால், இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். தேர்தலைப் பற்றி இருந்தால் தனித்தனியாகக் குடிப்பார்கள். கபடியில் யாரைப் பாட அனுப்புவது என்பதைப் பற்றி இருந்தால் டீ ஆறிப் போகும். யாரும் குடிக்க மாட்டார்கள்.

இப்போது ஆறிக் கொண்டிருப்பது ஒரு கல்லூரி அணியைப் பற்றிய டீ. எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் அந்த அணியில் ஆடுகிறார்கள். இந்த வருஷம் ஆறு ஆட்டம் ஆடி ஐந்தில் தோற்றார்கள். பிடிக்கிறவர்களைக் குறை சொல்ல வழியில்லை. கார்னரில் நிற்கும் இருவரும் கணுக்காலைப் பற்றினால் உடும்புப் பிடிதான். ஓட்டை இருப்பது பாடிப் போகிற பக்கத்தில்.

அந்தப் பக்கத்தில் மூன்று பேர். முதல்வன் பிறவிச் சூரன். எதிராளியின் கையிலிருந்து நழுவி, விழுந்தபடியே நடுக்கோட்டைத் தொடுவதில் அவனுக்கு நிகர் எங்கள் வட்டாரத்தில் இல்லை. இரண்டாமவன் நெட்டை, கால் நீளம். மூன்றாமவன் குள்ளமாக, கறுப்பாக, அதிகம் பேசாமல் இருப்பான். நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் கல்லூரிக்குப் போகிறவன். ஓர் ஆட்டத்தில் முதல்வன் இருபத்தைந்து தடவை பாடப் போகிறான். மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. மூன்றாமவனுக்கு இரண்டு தடவை கிடைத்தால் அது திருவிழா.

இதில்தான் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒற்றையாள் கட்சிக்குத் தலைவர், ரயில்வே அணியில் ஆடி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எல்லாருக்கும் அவர் மாமா. “ஏம்ப்பா, வீட்டுல காராம்பசு ஒண்ணு நிக்குது. அத விட்டுட்டு வத்தக்கறவை மாட்டுல முறை வச்சுக் கறப்பியா?” என்பது அவர் வாதம். எதிர்க்கட்சி டீக்கடைக்காரருடையது. “காராம்பசுன்னு நாள் பூராக் கறந்தா ரத்தம்தான் மாமா வரும்” என்பார்.

நான் எந்தக் கட்சி என்று சொல்வதற்கு முன், ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கபடி பார்த்து வளர்ந்த வாசகர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

ஆட்டம் 40 நிமிஷம். ஒரு பாட்டுக்கு 30 வினாடி. ஆக மொத்தம் சுமார் 80 பாட்டு. நம் பங்குக்கு 40. முப்பது வினாடி ஏழு பேர் நடுவே பாய்ந்து பாடிவிட்டு வந்தவன், அடுத்த முப்பது வினாடி எதிராளியைப் பிடிக்கும் சங்கிலியில் நிற்க வேண்டும். அது முடிந்ததும் மறுபடி போக வேண்டும். இடையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கு ஒரே வழி, பிடிபட்டு வெளியே போவதுதான்.

அவன் வெளியே போனால் என்ன நடக்கிறது? எதிர்க் கட்சிக்கு ஒரு பாயிண்ட். வெளியே இருந்த அவர்கள் ஆள் ஒருவன் உள்ளே வருகிறான். நம்மவன் திரும்பி வர வேண்டுமானால் நம்மில் வேறொருவன் எதிராளி ஒருவனைத் தொட்டு வர வேண்டும், அல்லது பாடி வருகிறவனைப் பிடிக்க வேண்டும். ஆறு பேரோ ஏழு பேரோ எதிரே நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு வந்தால் ஒரு பாயிண்ட் உண்டு. ஆனால் அந்தப் பாயிண்ட் யாரையும் மீட்டுத் தராது. தொடர்ந்து இரண்டு பாட்டு வெறும் பாட்டாகப் போனால், மூன்றாவது பாட்டில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் போனவன் அவுட்.

சூரன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். உள்ளே இருப்பவர்களுக்குப் பாடிப் பழக்கமில்லை. முதல் பாட்டு வெறும் பாட்டு, இரண்டாவதும் வெறும் பாட்டு, மூன்றாவதில் ஒருவன் பலி. இப்படியே ஆள் குறைந்து கடைசியில் ஆல் அவுட். எதிரிக்கு மேற்கொண்டு இரண்டு பாயிண்ட். பிறகு ஏழு பேரும் உள்ளே வருகிறார்கள்; சூரனும் வருகிறான். ஒருவனை மீட்பதற்காக ஏழு பேரும் சாகிற கதை இது. எங்கள் பையன்கள் தோற்ற ஐந்து ஆட்டத்திலும் இந்தக் கதைதான் நடந்தது.

இது எங்கள் ஊர் வியாதி மட்டும் அல்ல. 2017-இல் புரோ கபடி லீக்குக்குத் தமிழ்நாட்டின் பெயரில் தமிழ் தலைவாஸ் வந்தது. அதற்குத் தலைவர் அஜய் தாக்கூர். 2016-இல் அகமதாபாத்தில் ஈரானை வென்று இந்தியா உலகக் கோப்பையைப் பிடித்ததே, அந்த இறுதி ஆட்டத்தின் நாயகன். இமாசலத்துக்காரரானாலும் எங்கள் டீக்கடையில் அவர் வீட்டுப் பிள்ளை. 2017, 2018 இரண்டு ஆண்டிலும் பாட்டில் மட்டும் 200 பாயிண்டுக்கு மேல் எடுத்தார். இரண்டு ஆண்டிலும் அணி தன் பிரிவில் கடைசி. சரி, ஒரு சூரன் போதவில்லை என்று 2019-இல் ராகுல் சௌத்ரி என்ற இன்னொரு பெரிய பெயரைச் சேர்த்தார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது.

இதைச் சொன்னால் மாமா சும்மா இருப்பாரா? “பாட்னாவப் பாரு!” என்றார். வாஸ்தவம். அதே 2017-இல் பாட்னாவின் பர்தீப் நர்வால் பாட்டில் 369 பாயிண்ட் எடுத்தார். பாட்னா கோப்பையை வென்றது. ஒற்றையாள் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் அந்த அணியில் மோனு கோயத் என்று ஓர் இரண்டாமவர் இருந்தார். பர்தீப் வெளியே உட்கார்ந்த நேரங்களில் பாடிப் போய் அவரை மீட்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர். மறு வருஷ ஏலத்தில் எல்லாரையும்விட அதிக விலை, ஒரு கோடியே 51 லட்சம், போனது இந்த இரண்டாமவருக்குத்தான். இரண்டாமவனின் அருமை ஏலம் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

தலைவாஸுக்கே அந்தப் பாடம் 2022-இல் வந்தது. பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போயிற்று. அந்த வருஷம் பிறகு ஆடவே இல்லை. வேறு வழியில்லாமல், அதுவரை லீக்கில் ஆடியிராத நரேந்தர் என்ற இளைஞரைப் பாட அனுப்பினார்கள். அஜிங்கியா பவார் துணை நின்றார். நரேந்தர் 243 பாயிண்ட் எடுத்தார். தலைவாஸ் முதல் தடவையாக பிளே-ஆஃபுக்குப் போய், அரை இறுதியில் புனேயிடம் இரண்டே பாயிண்டில் தோற்றது. பிடிக்கிறவர்களும் அந்த வருஷம் நன்றாகப் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-இல் மறுபடி அந்த ஏலத்தின் உச்ச விலையாக 2 கோடியே 15 லட்சம் கொடுத்துச் சச்சின் தன்வரை வாங்கினார்கள். பிளே-ஆஃப் எட்டவில்லை.

டீக்கடைக்காரர் இதைக் கேட்டு, “பாத்தீங்களா, எல்லாருக்கும் சமமாப் பங்கு போடணும்” என்றார். அதுவும் என் கட்சி அல்ல. நரேந்தரும் கடைசியில் அந்த அணியின் முதல்வராகத்தானே ஆனார்? பந்திக்குப் பாயசம் ஊற்றுவது போல ஆளுக்குப் பதின்மூன்று பாட்டு என்று பகிர்ந்தால் நஷ்டம்தான். நான் கேட்பது எண்ணிக்கைப் பங்கு அல்ல, வேலைப் பங்கு. எதிரே ஆறேழு பேர் நிற்கும்போது நெட்டைக் காலன் போய்ப் போனஸ் எடுக்கட்டும். இரண்டு வெறும் பாட்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது பாட்டுக்கு, பதறாத நெஞ்சுள்ளவன் ஒருவனைத் தயார் செய்யட்டும். எதிராளிகள் நான்கைந்து பேராகக் குறைந்து சங்கிலி தளர்ந்த நேரத்தில் சூரன் பாயட்டும். சூரன் வெளியே உட்கார்ந்தால் மீட்கப் போகிறவன் யார் என்பது ஆட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இது புதிய சங்கதி அல்ல. கதாநாயகனை எல்லா அத்தியாயத்திலும் கொண்டுவந்து நிறுத்தினால் பத்தாவது அத்தியாயத்தில் வாசகருக்கு அவன் அடுத்து என்ன செய்வான் என்பது தெரிந்துவிடும். வாசகருக்குத் தெரிந்தால் கொட்டாவி விடுவார்; எதிர் அணிக்குத் தெரிந்தால் காலைப் பிடித்துவிடும்.

ஆனால் இந்த விவகாரத்தில் எனக்கு உறுத்துவது தோல்வி அல்ல; அந்த மூன்றாமவன்.

ஒரு நாள் சாயங்காலம் ரயில் நிலையச் சாலையில் அவனைப் பார்த்தேன். மில்லுக்குப் போய்க் கொண்டிருந்தான். “பயிற்சியில எத்தன பாட்டுப்பா உனக்கு?” என்று கேட்டேன்.

“பயிற்சியில நான் பிடிக்கிற பக்கம்தாண்ணே நிப்பேன். அவரு பாடிப் பழகணும்ல? அதுக்கு ஆள் வேணும்.”

“ஆட்டத்துல?”

“போன ஆட்டத்துல ரெண்டு குடுத்தாங்க. ரெண்டும் மூணாவது பாட்டு. ரெண்டுலயும் பிடிச்சுட்டாங்க.” கொஞ்சம் நின்று, “அதுக்கப்புறம், ‘உன்னால ஆகாது’ன்னு சொல்லிட்டாங்கண்ணே” என்றான். குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

பழக வாய்ப்புக் கொடுப்பதில்லை. பழகாதவனை மிகக் கஷ்டமான பாட்டுக்கு அனுப்புகிறார்கள். பிடிபட்டதும், இதோ பார், இதற்காகத்தான் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்கிறார்கள். கபடி மைதானத்தில் மட்டுமா இது நடக்கிறது?

அவனுக்கு இது கடைசி வருஷம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு செய்ய வருகிறவர்கள், யார் எத்தனை பாயிண்ட் எடுத்தான் என்று பார்ப்பார்கள். அந்தச் சட்டை ஒரு தடவை உடம்பில் ஏறினால் சான்றிதழ் வரும். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் போடலாம். போலீஸ், ரயில்வே என்று கனவாவது காணலாம். மாமாவே அந்த வழியாகத்தான் ரயில்வேக்குப் போனார். ஒற்றையாள் கட்சி ஓர் ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும், இவன் கணக்கில் விழுவது பூஜ்யம்தான்.

முதல்வனுக்கு மட்டும் இது லாபமா? இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டிக் கொண்டுதான் அவன் இப்போது களத்தில் இறங்குகிறான். இருபது வயசுப் பையன் கோயில் படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைத் தேடுகிறான். அவனை நம்பியும் ஒரு குடும்பம் இருக்கிறது. எல்லாப் பாட்டையும் அவன் தலையில் கட்டுவதை மரியாதை என்று நினைக்கிறோம். பாரம் இழுக்கிற மாட்டுக்கு மாலை போட்டால் பாரம் குறைந்துவிடுமா?

மாமாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: “நீங்கள் ரயில்வேயில் ஆடியபோது முதல்வரா, இரண்டாமவரா?” அவர் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மூணாவது ஆளு” என்றார். “ஒரு நா மொத ஆளுக்குக் காய்ச்சல். அன்னிக்குத்தான் என்னைய விட்டாங்க.”

யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் இன்னொருவனுக்கு வாய்ப்பு என்பது ஓர் ஏற்பாடு ஆகாது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது. நான் பயிற்சியாளர் அல்ல. யோசனை சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். நாளைப் பயிற்சியிலிருந்து அந்தப் பையனுக்கு தினம் இருபது பாட்டுக் கொடுங்கள். ஆட்டத்தில், முதல் பாதியில், ஸ்கோர் சமமாக இருக்கும்போது, எதிரே ஐந்து பேர் நிற்கும்போது அவனை அனுப்புங்கள். அதற்குப் பிறகும் பிடிபட்டால், அவனால் ஆகாது என்று சொல்லுங்கள். மாமாவோடு சேர்ந்து நானும் கேட்டுக் கொள்கிறேன்.