விற்பனைக்கு ஒரு பாய்ப்படகு

ஓசூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சென்னைக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுமானால் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். மேற்கே மங்களூர் அதைவிடத் தொலைவு. அத்திப்பள்ளி எல்லையை நோக்கி விரையும் தொழிற்சாலைப் பேருந்துகளும், இரவு ஷிப்டு முடிந்து தூக்கக் கண்களோடு திரும்பும் தொழிலாளரும் நிறைந்த ஊர் இது. இங்கே படகு என்று சொன்னால், கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிப்போரின் பரிசலைத்தான் மக்கள் நினைப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், சென்ற ஆண்டு ஓர் இரவு உணவின்போது, என் மகன் தன் கைப்பேசியை என் முன் நீட்டி, "அப்பா, இதைச் சற்றுப் பாருங்கள்" என்றான். அது ஒரு விளம்பரம். 31 அடி நீளமுள்ள வெளிநாட்டுப் பாய்ப்படகு ஒன்று, பயன்படுத்தப்பட்டது, கொச்சியில் நிற்கிறது, விற்பனைக்கு. இருவர் உறங்க அறை, சமையல் மூலை, சிறிய டீசல் எஞ்சின், மூன்று பாய்கள். விலை 18 இலட்சம்.

என் மனைவி சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, "அதைக் கொண்டுவந்து எங்கே மிதக்க விடப் போகிறீர்கள்? கெலவரப்பள்ளி அணையிலா?" என்று கேட்டாள். மருமகள் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. அவன் விளையாடவில்லை என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிவிட்டது.

வாசக அன்பர்களுக்கு இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் பிறந்தது தூத்துக்குடி. என் தந்தையார் ஓடாவி. மரக்கலம் கட்டும் தச்சரை எங்கள் பக்கத்தில் அவ்வாறு அழைப்பார்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற பெரிய பாய்த்தோணிகளில் அவர் கை படாதவை அந்தக் காலத்தில் குறைவு. நானோ 1982-இல் இந்த ஊருக்கு வந்து, ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மரத்தால் மாதிரி செய்யும் பிரிவில் சேர்ந்து, 37 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்திற்கு இடம் விட்டு மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். தந்தையார் கற்றுத் தந்த உளிப் பழக்கம் எனக்கு அங்கே சோறு போட்டது. ஆனால் கடலுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு அத்தோடு முடிந்தது என்றே எண்ணியிருந்தேன்.

மகனுக்கு இந்தப் பித்து எப்படி வந்தது? அவன் சென்னையில் நான்காண்டுகள் வேலை பார்த்தான். அங்கே துறைமுகத்திற்குள், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் பாய்ப்படகுச் சங்கம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே சென்று சிறு படகுகளை ஓட்டக் கற்றான். பிறகு, கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் கதை அவனை ஆட்கொண்டது. 2018-இல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், இந்தியப் பெருங்கடலின் நடுவே புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்து நிற்க இயலாமல் கிடந்து மீட்கப்பட்டவர் அவர். அதே பந்தயத்தில் மறுபடியும் கலந்துகொண்டு, 236 நாள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29-இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அந்தப் பந்தயத்தில் 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட வகைப் படகுகளுக்கே இடமுண்டு. நீளமும் 36 அடிக்கு மேல் கூடாது. "பழைய படகு என்றால் குறைந்த படகு என்று பொருளில்லை, அப்பா" என்று மகன் அடிக்கடி கூறுவான்.

பழைய பாய்க்கப்பலை அயலாருக்கு விற்பது தமிழருக்குப் புதிதுமன்று. ஈழத்தின் வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் இருமரப் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 32 அடிப் படகு ஒன்றில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்தவர் அவர். 89 அடி நீளமுள்ள அந்தக் கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சரக்கு சுமந்து பழகிய கப்பல். பழகிய கண்ணால் பார்த்து வாங்கினார், பழகிய கைகள் ஓட்டிச் சென்றன. பழையதை வாங்குவதில் முழு இரகசியமும் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது.

அந்தக் கண்ணை நம்பித்தான் மகன் என்னைக் கொச்சிக்கு அழைத்தான். பாகலூர் சாலைப் பக்கம் ஒரு மனை வாங்குவதற்காக அவனும் மருமகளும் ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. போதாததற்கு மருமகளின் நகைகளை அடகு வைப்பது என்று பேச்சு. "மாமா, நீங்கள் பார்த்துச் சரி என்று சொன்னால் எனக்குச் சம்மதம்" என்று அந்தப் பெண் கூறினாள். என் தலையில் எத்தனை பெரிய பாரத்தை ஏற்றிவைக்கிறோம் என்பதை அவள் அறிந்திருக்க மாட்டாள்.

பெட்டியில் இரண்டு சட்டைகளோடு தந்தையாரின் கொட்டாப்புளியையும் வைத்துக்கொண்டேன். சேலம், கோயம்புத்தூர் வழியாக இரயிலில் சென்றோம்.

படகு அழகாக இருந்தது. இதை மறைப்பானேன்? வெள்ளை உடல், நீலக் கோடு, கழுவித் துடைத்த தளம். அதன் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த வெளிநாட்டவர். உடல்நலம் குன்றித் தம் நாட்டிற்குத் திரும்பிவிட்டாராம். தரகர் ஒருவர் காட்டினார். வெளிநாட்டுப் படகு வரி கட்டாமல் தற்காலிகமாக வந்து நிற்கலாம். இங்கேயே விற்கப்பட்டால் சுங்கவரி குறுக்கே வரும். மகன் அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்டான். அவனுடைய விவரத்தைக் கண்டு மகிழ்ந்தேன். தாள்களை அவன் பார்க்க, உடலை நான் பார்க்கத் தொடங்கினேன்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியவை; இவை அதைவிடப் பழையவையாகத் தோன்றின. பாய்த்துணி வெயிலில் நைந்திருந்தது. எஞ்சின் இரண்டாம் முயற்சியில் இயங்கியது. இவையெல்லாம் பணத்தால் தீரும் குறைகள். பிறகு தளத்தின்மீது மண்டியிட்டு, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிக்கொண்டே சென்றேன். இக்காலத்துப் படகுகள் மரத்தால் ஆனவையல்ல, பைபர். ஆயினும் பல படகுகளின் தளத்தில் இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பால்சா என்னும் மிக இலேசான மரத்தை வைத்திருப்பார்கள். மேலே இருக்கும் திருகாணித் துளை ஒன்று தளர்ந்தால் போதும், மழைநீர் உள்ளே இறங்கி அந்த மரம் ஓசையில்லாமல் உளுத்துவிடும். வெளியே தோல் பளபளப்பாகவே இருக்கும்.

டக், டக் என்று கணீரென ஒலித்துக்கொண்டே வந்த தளம், பாய்மரத்தின் அடியில் 'தொப்' என்றது. மறுபடி தட்டினேன். தொப். சுற்றிலும் தட்டி அளந்தேன். ஏறத்தாழ இரண்டு சாண் அகலம். பாய்மரத்தின் பளு முழுவதும் வந்து இறங்கும் இடத்தை ஒட்டி.

"எப்படி இருக்கிறது, அப்பா?" என்று மகன் கேட்டான்.

"பார்ப்போம்" என்றேன்.

அன்பர்களே, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன்? எனக்கு அந்தப் படகு வேண்டும் என்று தோன்றிவிட்டது. மகனுக்காக அன்று, எனக்காக. காலடியில் தளம் மெதுவாக ஏறி இறங்கியபோது, 44 ஆண்டுகள் எங்கேயோ கரைந்துவிட்டன. உப்புக் காற்று, கயிற்றின் வாசனை, தந்தையாரின் குரல் எல்லாம் ஒருசேர வந்தன. குறையைச் சொன்னால் இவன் வாங்க மாட்டான், வாங்கிய பிறகு நானே மெல்லச் சரிசெய்துவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. கிழவனின் மனம் எவ்வளவு விரைவாகக் கணக்குப் போடுகிறது!

மாலை இரயிலில் ஏறினோம். மகன் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தான். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஆகும் என்று படகுக்காரர்கள் சொல்வதுண்டு. அதையும் கணக்கிட்டுத் தாளில் எழுதினான். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னலில் எனக்குத் தெரிந்தது 1980-ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு தூத்துக்குடியில் ஒரு தோணி முதலாளி தம் பழைய தோணியை விற்க முற்பட்டார். வாங்க வந்தவர் வெளியூர்க்காரர். மரக்கலம் பற்றி அதிகம் அறியாதவர். நல்ல ஓடாவி ஒருவர் பார்த்துச் சொன்னால் முன்பணம் தருவதாகக் கூறினார். தந்தையாரை அழைத்தார்கள். ஏராவிலிருந்து வங்குக்கால்கள் வரை, பலகை பலகையாக ஒரு பகல் முழுவதும் தட்டிப் பார்த்தார். நான் விளக்குப் பிடித்தேன். கலப்பத்துப் பஞ்சும் குங்கிலியமும் நன்றாகவே இருந்தன. அமரம் என்று நாங்கள் கூறும் பின்புறத்தில், தளத்திற்குக் கீழே, ஒரு மூலையில் அவர் கை நின்றது. மழைநீர் ஒழுகி மூன்று வங்குக்கால்கள் உளுத்திருந்தன. "கடல்நீர் மரத்தைக் காக்கும், மேலிருந்து வரும் நல்ல தண்ணீர்தான் கெடுக்கும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

முதலாளி அவரைத் தனியே அழைத்து, "ஓடாவியாரே, உம் மகள் கல்யாணத்திற்கு என் பங்கு உண்டு. அந்த மூலையை விட்டுவிடும்" என்றார். தந்தையார் பதில் பேசாமல் வெளியே வந்து, வாங்க வந்தவரிடம் அந்த மூலையைக் காட்டினார். விற்பனை முறிந்தது. அதன் பிறகு அந்தப் பட்டறையில் அவருக்கு வேலையில்லை. என் அக்காள் திருமணம் இரண்டாண்டு தள்ளிப் போயிற்று. வீட்டில் அவரை யாரும் புகழவில்லை. அம்மா பல நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. நானும் மனத்திற்குள் அவரை ஏசியிருக்கிறேன். பிழைப்புத் தேடி ஓசூருக்கு நான் வண்டி ஏறியதற்கு அந்த மூன்று வங்குக்கால்களும் ஒரு காரணம்.

தொழிற்சாலைக் காலத்தில் எத்தனையோ முறை இந்த நிகழ்ச்சியை மகனுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்பொழுது அவன் எதிரே அமர்ந்து, தாத்தாவின் கொட்டாப்புளியை மடியில் வைத்துக்கொண்டு, நான் அந்த முதலாளியாகிக் கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் வண்டி நின்றது. மகன் இறங்கித் தேநீர் வாங்கி வந்தான். தாள் குவளையைக் கையில் வாங்கியதும், "தம்பி, பாய்மரத்தின் அடியில் தளம் உளுத்திருக்கிறது. காலையிலேயே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் தேநீரை ஊதிக் குடித்தான். பிறகு, "நானும் பார்த்தேன், அப்பா. உங்கள் கை ஓரிடத்தில் நின்று, மறுபடியும் அங்கேயே தட்டியது. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்" என்றான்.

"நான் சொல்லாமலே இருந்திருந்தால்?"

"சேலம் வரையில் பொறுத்திருப்பேன்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெடுநேரம் கழித்து, சொல்லாமல் இருந்ததன் காரணத்தையும் அவனிடம் சொன்னேன். ஒரு தகப்பன் மகனிடம் சொல்வதற்கு எளிதான செய்தியன்று அது. அவன் என் கையிலிருந்த கொட்டாப்புளியை வாங்கி, அதன் தேய்ந்த கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டிற்கு வந்து மருமகளிடம் நடந்தது முழுவதையும் கூறினோம். நகைகள் அலமாரியிலேயே இருக்கின்றன. ஆனால் மகன் அத்தோடு விடவில்லை. அடுத்து வாங்க வருகிறவனுக்குத் தட்டிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டுமே என்று, தரகரை விட்டுவிட்டு உரிமையாளருக்கே நேராக எழுதினான். குறை இருக்கும் இடத்தையும் அளவையும், நான் வரைந்து தந்த படத்தோடு அனுப்பினான்.

நான்காம் நாள் பதில் வந்தது. தமக்கு அந்தக் குறை தெரியாது என்றும், தெரிவித்ததற்கு நன்றி என்றும், விளம்பரத்தில் அதைச் சேர்த்து விலையையும் குறைக்கப் போவதாகவும் அந்தப் பெரியவர் எழுதியிருந்தார். மகன் கடிதத்தை உரக்கப் படித்து முடித்தான். அடுக்களையில் பாத்திரம் துலக்கும் ஓசை சட்டென்று நின்றது.

"எவ்வளவு குறைக்கிறாராம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் என் மனைவி.