திறந்தால் போதுமா?



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு சேத்தியாத்தோப்பில் மின்சாரம் திடீரென நின்றது. நம் சபைப் பதிவேடு இருந்த கணினி, பதிவு நடந்துகொண்டிருக்கையிலேயே அணைந்துபோயிற்று. மறுநாளோ ஒரு சகோதரிக்குத் திருமணத்தின் பொருட்டு ஞானஸ்நானச் சான்றிதழ் தரவேண்டியிருந்தது.

கணினி கற்ற நம் வாலிபர் ஒருவர் வந்தார். பதிவேட்டைத் திறக்குமுன் அதனை அப்படியே நகலெடுத்தார்; அருகே கிடந்த ஜர்னல் கோப்பையும் விடாமல் சேர்த்துக்கொண்டார். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில், பாதியில் நின்ற மாற்றத்தை நீக்கிப் பழைய நிலையை மீட்டுத் தருவது அந்தக் கோப்பே. தேவையற்றதென்று அதை அழிப்பவர் மீட்பின் வழியையே அழித்துவிடுகிறார்.

பதிவேடு திறந்தது, பெயர்களும் தேதிகளும் தோன்றின. சுற்றியிருந்தோர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவரோ எழவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பையை வாங்குகையில், கண்ணுக்குத் தப்பிய கீறலைக் காதினால் அறிய விரலால் சுண்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல 'இன்டெக்ரிட்டி செக்' என்னும் கட்டளையை இட்டார். 'ஓகே' என்று ஒரே சொல்லில் விடை வந்தது.

அதுவும் போதாதென்றார். அச்சோதனை கோப்பின் கட்டமைப்பையே பார்க்கும். ஒரு பிள்ளையின் பதிவு சுட்டுகிற குடும்பம் பதிவேட்டில் உள்ளதா என்றறிய 'ஃபாரின் கீ செக்' என்ற வேறு கட்டளை வேண்டும். அதில் இரண்டு பதிவுகள் அகப்பட்டன. பிள்ளைகள் இருந்தனர், அவர்களுடைய குடும்பம் இல்லை. அது அவ்விரவில் நேர்ந்த பழுதன்று. முன்பு எப்போதோ குடும்பத்தின் பதிவு நீக்கப்பட்டபோது பிள்ளைகள் தனித்து விடப்பட்டிருந்தனர். மின்தடை வந்ததால் தேடினோம். தேடியதால் பழைய பழுது வெளிப்பட்டது.

தவறான தேதி ஒன்று முறையாகப் பதிவாகியிருந்தால் இவ்விரு சோதனைகளும் அதைக் காட்டா. ஆகையால் பழைய கையெழுத்துப் பேரேட்டை எடுத்து வரிவரியாய் ஒப்பிட்டோம். சகோதரியின் தேதி ஒத்திருந்தது. அதன்பின்பே சான்றிதழில் ஒப்பமிட்டேன். அவ்விரு பிள்ளைகளின் பெற்றோர் பெயரும் அப்பேரேட்டில் கிடைத்தது.

பிரியமானவர்களே, வீழ்ச்சிக்குப் பின் எழுந்து நடமாடுகிறோம் என்பதாலேயே உள்ளே யாவும் சுகமென்று எண்ணிவிடுகிறோம். 139-ஆம் சங்கீதத்தில் தாவீது தன் இருதயத்தை ஆராயும்படி தேவனையே வேண்டுகிறான். நம்மை நாமே சோதித்து 'சரி' என்று சொல்லிக்கொள்வது எளிது. மூலப் பேரேடு அவர் கையில் இருக்கிறது. இவ்வாரம் நம் உறவுகளையும் அவர் சமுகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். நம் கணக்கிலிருந்து விடுபட்டுப்போன குடும்பம் எது?