கோழிக்கு ஃபேன்

கத்திரி முடிஞ்சும் கடலூர்ல புழுக்கம் விடல.

மத்தியானம் கொல்லைப்பக்கம் போனா, 6 சிறுவிடைக் கோழியும் முருங்கை நிழல்ல இறக்கையை அகட்டி, வாயைப் பொளந்து நிக்குதுங்க.

கோழிக்கு வேர்க்காது. பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். காத்துலயே ஈரம்னா அதுவும் சரியா நடக்காது.

அப்படி இரைச்சா முட்டை ஓடும் மெலிசாகுமாம்.
போன வாரம் கையில எடுத்ததுமே ஒண்ணு நொறுங்குச்சு. தீவனக்காரரைத் திட்டுனேன். பாவம் மனுசன்.

கூண்டைச் சுத்தி ஈரச்சாக்கு கட்டுனேன்.
உள்ள இட்லி குண்டான் மாதிரி ஆயிடுச்சு.
அவுத்துட்டு, மண்சட்டியில தண்ணி வச்சு, என் டேபிள் ஃபேனையும் தூக்கிட்டுப் போய் வச்சேன்.

இப்ப நான் பனையோலை விசிறியோட உக்காந்திருக்கேன்.
அம்மா ஒரு பார்வை பாத்தாங்க.

கரண்டு பில்லையும் சேத்தா நம்ம வீட்டு முட்டை என்ன விலை வரும்? யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.