நுங்கு வண்டி

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் சற்றே நின்றுவிடுவது என் வழக்கம். கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்த 500 அடிகளுக்கிடையே, தச்சுத்தொழிலில் உருவான சிறுதேரை உருட்டி விளையாடிக் களைத்த பிள்ளைகள் வந்துபோகிறார்கள். ஏறிச் செல்லும் தேர் அன்று. உருட்டுவதற்கென்றே அமைந்த தேர். அவ்விடத்தில் எனக்கு என் அக்காவின் நினைவு வரும்.

ஒரகடத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் சித்திரை பிறந்தால் நுங்கு வண்டிதான். நுங்கு தின்றபின் எஞ்சும் காய்களில் இரண்டை அக்கா தேர்ந்தெடுப்பாள். குச்சி ஒன்றின் இரு முனைகளிலும் அவற்றை இறுகக் குத்தி, நடுவில் கவட்டைக் கொம்பை வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். நான் செய்த வண்டி மட்டும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். "ரெண்டு காயும் ஒரே அளவா இருக்கணும்டா தம்பி. பெருசு முந்திக்கிட்டு ஓடும், சிறுசு பக்கம் வண்டி திரும்பிடும்" என்பாள். கவட்டை அச்சின்மேல் தளர்வாக அமர வேண்டும் என்பதையும், முனையில் எண்ணெய் தடவ வேண்டும் என்பதையும் அவளே கண்டறிந்து சொன்னாள். வட்டத்தின் சுற்றளவைப் பள்ளியில் படித்தபோது, அது எனக்குப் புதிய பாடமாகத் தோன்றவில்லை.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். உயர்நிலைப்பள்ளிக்குப் பேருந்தேறிச் செல்ல வேண்டும். வீட்டில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள். அனுப்பப்பட்டவன் நான்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. பனைகள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று சுற்றுச்சுவர்கள் நிற்கின்றன. அக்கா இப்போது ஓர் ஆலையின் உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறாள்.

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் நுங்கு வண்டி ஒன்று செய்தாள். அதுவும் பக்கவாட்டில் இழுத்தது. நான் சுற்றளவு, விட்டம் என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அக்கா அரிவாளை எடுத்து, பெரிய காயின் ஓரத்தைச் சுற்றிலும் மெல்லச் சீவித் தந்தாள். வண்டி நேராக ஓடியது.

"அத்தை, நீங்க இன்ஜினியருக்குப் படிச்சிருக்கலாமே?"

"படிக்க வைக்க ஆள் வேணுமே, கண்ணு."

அதில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே எனக்கு வலித்தது. விளையாட்டு எங்கள் இருவருக்கும் ஒன்றையே கற்பித்தது; எனக்குக் கற்பித்ததில் பாதி அவள் கற்பித்தது. ஆனால் அந்த அறிவுக்கு மேலே ஒரு படி வைத்தவர்கள் எனக்கு மட்டுமே வைத்தார்கள்.

இப்போதெல்லாம் அந்தச் சிறுதேர் வரும் இடத்தில், பொருள் சொல்லுமுன் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சிறு வயதில் உங்களுக்கு வண்டி செய்யக் கற்றுக்கொடுத்தவர் யார், அவர் இன்று என்ன செய்கிறார்? உங்களையும் கேட்கத் தோன்றுகிறது.