வாத்துகளும் ஒரு நெடுஞ்சாலையும்

ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யைப் படித்தவர்கள் பெரும்பாலும் உழாத வயலைப் பற்றிப் பேசுவார்கள், களிமண் விதை உருண்டையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதில் மறக்க முடியாதவை வாத்துகள். ஷிகோக்கு தீவில் தன் நெல் வயலில் அவர் பல ஆண்டுகள் வாத்துக் குஞ்சுகளை மேயவிட்டார். வயலுக்கு வேண்டிய எருவை அவையே போட்டன. பிறகு தேசிய நெடுஞ்சாலை ஒன்று வந்தது. கூண்டு ஒரு பக்கம், வயல் மறு பக்கம். சாலையைக் கடந்து போய்த் திரும்ப வாத்துகளால் முடியவில்லை. அதன்பின் வைக்கோல் மட்குவதற்காக அவர் கொஞ்சம் கோழி எருவைத் தூவத் தொடங்கினார்.

புத்தகத்தில் இது சில வரிகள்தான். நாமக்கல்லில் உட்கார்ந்து படிக்கும்போது அந்த வரிகளைத் தாண்ட மனம் வருவதில்லை. காஷ்மீர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலையும், லாரி பாடி கட்டும் பட்டறைகளும், கோழிப் பண்ணைகளும் சேர்ந்ததுதான் எங்கள் ஊர். அவருடைய வாத்துகளை நிறுத்திய சாலையும், வாத்துகளுக்குப் பதிலாக வந்த எருவும் இங்கே அன்றாடம் கண்ணில் படுகின்றன.

ஃபுகுவோகாவும் ஒரு காலத்தில் நகரவாசிதான். யோகோஹாமா துறைமுகச் சுங்கத்தில், வந்து போகும் செடிகளுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இருபத்தைந்து வயதில் நிமோனியா வந்து மருத்துவமனையில் கிடந்தார். எழுந்த பின்னும் சாவு பயம் விடவில்லை. ஓர் இரவு முழுக்க அலைந்து, துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். விடியும்போது ஒரு வக்கா கத்திக்கொண்டு பறந்து போனது. நம் ஏரிக்கரை மரங்களில் பகலெல்லாம் தூங்கி வழியும் அதே இராக்கொக்குதான். அந்தக் குரலில் அவர் மனம் தெளிந்தது. வேலையை உதறினார். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

பின்னாளில் நகரத்து இளைஞர்கள் அவரைத் தேடி அந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள். மின்சாரம் இல்லாத மண் குடிசைகளில் தங்கினார்கள். மரங்களுக்கு அடியில் காட்டுச் செடி மாதிரி முளைத்த முள்ளங்கியையும் கீரையையும் பறித்துச் சமைத்தார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பொறாமை வருவதில்லை. விடியற்காலையில் நாமக்கல் உழவர் சந்தைக்குள் நுழைந்தால், வேர்மண் உதிராத சிறுகீரைக் கட்டு என் கைக்கு வந்துவிடுகிறது. முந்தின நாள் மாலை எந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது என்று பறித்த அம்மாவே சொல்வார்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தது. கடை வாடகை இல்லை, தராசு இலவசம், இடையில் தரகர் இல்லை. ரசாயனம் போடாமல், அதிகம் பாடுபடாமல் விளைந்த பொருள் மலிவாகத்தான் விற்க வேண்டும் என்று ஃபுகுவோகா பிடிவாதமாகச் சொன்னார். அதற்கு நான் கண்ட பக்கத்துச் சாட்சி, கரும்பலகையில் விலை எழுதிப் போடும் இந்தச் சந்தைதான். நல்ல காய் வசதியுள்ளவர்களின் பண்டமாக ஆகிவிடக் கூடாது.

சாலையை நான் குறை சொல்லவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இல்லாவிட்டால் கொல்லிமலையின் பலாவும் அன்னாசியும் மிளகும் எங்கள் தெருவுக்கு வராது. அதே சாலைதான் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை சவ்வரிசி ஆலைகளுக்கு இறக்கியது. கிழங்குக்குக் கைமேல் காசு கிடைத்தது; சாமையும் தினையும் விளைந்த காடுகள் சுருங்கின. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே போய் மலைவாழ் மக்களோடு சேர்ந்து சிறுதானியத்தை மீட்கப் பாடுபட வேண்டியிருந்தது.

மோகனூர்ப் பக்கம் நெல் அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க வருபவர்களை ஒரு முறை பார்த்தேன். நீளக் குச்சியோடு ஒருவர் முன்னால், ஒரு பையன் பின்னால். தார்ச் சாலையை நிறைத்துக்கொண்டு வாத்துகள் கடந்தன. லாரிக்காரர் என்ஜினையே அணைத்துவிட்டார். பின்னால் நின்ற பஸ்ஸும் ஹார்ன் அடிக்கவில்லை. அது சின்னச் சாலை என்பதால் முடிந்தது. நடுவே தடுப்புச் சுவர் வைத்த சாலையில் ஓட்டுநருக்கு மனம் இருந்தாலும் வழி இருக்காது.

பெரிய சாலை வருவதற்கு முன் யாராவது அந்த வாத்துகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தையும் கிணற்றையும் எங்கே வெட்டப் போகிறது, கீரைக்காரம்மா எதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்று கேட்க வேண்டும். பெரிய சாலைகளுக்குக் கிடைக்கும் அக்கறையில் ஒரு பங்கு, தோட்டத்திலிருந்து வரும் மண் தடத்துக்கும், கூடைகளை ஏற்றிக்கொள்ளும் முதல் டவுன் பஸ்ஸுக்கும் கிடைக்கட்டும். ஊரை ஒட்டிய காடுகளில் மனைக்கல் நடாமல் கொஞ்சம் விட்டுவைப்போம். இயற்கையைத் தேடி வேலையை உதறிவிட்டு மலையேற எல்லோராலும் முடியாது. ஊருக்குப் பக்கத்திலேயே தோட்டம் இருந்தால் அதற்குத் தேவையும் வராது.