மாணவி எனும் அறிமுகம்

அரபு மதரஸாவில் ஓதி வந்தோரிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரென்று வினவினால் பெயரைச் சொல்லி, அடுத்து எந்த உஸ்தாதிடம் எந்தக் கிதாபை ஓதினோம் என்பதைச் சொல்வோம். தன்னைத்தானே வல்லுநன் என்று கூறிக்கொள்ள அந்த அறிமுகத்தில் இடமில்லை.

இப்பழக்கத்திலேயே ஐம்பதைக் கடந்துவிட்ட நமக்கு, தம்பி மகள் காட்டிய அறிமுகக் குறிப்பு சற்றுத் திகைப்பைத் தந்தது. அவள் 'பிஸினஸ் அனலிடிக்ஸ்' முதுநிலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அஃதென்ன படிப்பு என்று அன்பர்கள் கேட்கலாம். வாணிபத்தில் சேரும் விவரங்களை அலசி, நடந்தது ஏன், இனி நடக்கக்கூடியது என்ன, செய்யத்தக்கது எது என்று ஆராயும் படிப்பு. துறை பழையது, பட்டம் புதியது. நம் நாட்டில் 2015-இல்தான் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகமும், இந்தியப் புள்ளியியல் கழகமும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் கூடி இதற்கென ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தொடங்கின.

"முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி நான்கு வரி சொல்ல வேண்டும், பெரிய வாப்பா" என்றாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். பைத்தான், எஸ்.க்யூ.எல்., டாப்ளோ எனக் கருவிகளின் பெயர்கள். விவரங்களின் மீது தீராத வேட்கை என்றொரு வரி. வகுப்பில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் இதையே சொல்லக்கூடும். உளியின் பெயரைச் சொன்னால் தச்சன் யாரென்று விளங்குமா? பிறந்தது முதல் அவளுக்குச் சோறிட்ட பலசரக்குக் கடை அதில் எங்குமில்லை. கேட்டோம். "கடை என்றால் சிரிப்பார்கள்" என்றாள். தம்பி அப்போது திண்ணையில்தான் இருந்தார், செவியில் விழுந்திருக்கும்.

கடையின் கணக்கு நோட்டுகளை எடுத்துவரச் சொன்னோம். நாம் கணித வல்லுநரல்லோம். ஆயினும் பிறை பார்த்து மாதம் எண்ணத் தெரியும். 2024-இல் நோன்பு மார்ச் 12-இல் தொடங்கிற்று. பெருநாள் ஏப்ரல் 11. 2025-இல் நோன்பு மார்ச் 2-இல் தொடங்கி, பெருநாள் அம்மாதம் 31-இலேயே வந்துவிட்டது. ஆக, முதல் ஏப்ரலில் நோன்பு நாட்கள் பத்தும் பெருநாளும் இருந்தன; அடுத்த ஏப்ரலில் ஒன்றுமில்லை. கஞ்சிக்குரிய பச்சரிசி, பாசிப்பருப்பு, பேரீச்சம்பழம், சேமியா யாவும் மார்ச்சிலேயே விற்றுத் தீர்ந்தன. ஏப்ரலை ஏப்ரலோடு வைத்துப் பார்க்கும் கணிப்பொறி, கடை நொடிக்கிறது என்று அறிக்கை தரும்! சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது என்பதை யாரேனும் சொல்லிக் கொடுத்தாலன்றி அது அறியாது. தம்பியோ ஆண்டுதோறும் கொள்முதலை அத்தனை நாள் முன்தள்ளி வருபவர். ஆங்கிலத் தேதிக்கு அருகில் பிறையையும் குறித்து வைத்திருக்கிறார். புள்ளியியலாரும் இந்த நகரும் பண்டிகையின் விளைவைத் தனியே பிரித்தெடுத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்று அவளே பின்னர் தேடிப் படித்துச் சொன்னாள்.

மாணவி என்ற சொல் குறிப்பின் கடைசியில் ஒதுங்கிக் கிடந்தது. அதைத் தாழ்வாக எண்ணினாள் போலும். டப்ளின் நகரின் கின்னஸ் மது ஆலையில் பணிபுரிந்த வில்லியம் சீலி காசெட், ஒருசில சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று ஆராய்ந்து 1908-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊழியர் சொந்தப் பெயரில் எழுத நிர்வாகம் இசையவில்லை. ஆகவே 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்று கையொப்பமிட்டார். (அந்த ஆலை வடித்தது நமக்கு ஆகாது, அவர் வடித்த கணக்கு ஆகும்.) இவளுடைய பாடநூலிலும் அது 'ஸ்டூடண்ட் டி' சோதனை என்றே இருக்கிறது.

குறிப்பைத் திருத்தினாள். கருவிகளை நீக்க மனம் வரவில்லை. இருக்கட்டும், வேலை கொடுப்போர் அவற்றைத் தேடுவார்கள். ஆனால் முதல் வரியில் மாணவி என்றும், இரண்டாவதில் பலசரக்குக் கடைக்காரர் மகள் என்றும், மூன்றாவதில் ஆண்டுதோறும் நகரும் ஒரு மாதத்தின் விற்பனையை முன்கூட்டிக் கணிக்கக் கற்க வந்திருப்பதாகவும் எழுதினாள். விடுதிக்குப் புறப்படுகையில் நோட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த நோன்புக்குச் சரக்கெடுக்க எனக்கு வேண்டும், அதற்குள் அனுப்பிவிடு" என்று மட்டும் தம்பி சொன்னார்.